‘ட்’ எங்கே போயிற்று?

ஆங்கிலப் பேச்சுக் கையேடுகளைப் பற்றி ஒரு திறனாய்வு

நான் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியுடன் தொடங்குகிறேன். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் எங்கள் துறைக்கு வந்து மூன்று நாட்கள் சொற்பொழிவாற்றினார். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் நான்; ஆயினும் ஆங்கிலப் பாடப் புத்தகங்களைத் தடையின்றிப் படிப்பேன், தேர்வுகளையும் ஆங்கிலத்திலேயே எழுதுவேன். ஆகவே முன்வரிசையில் துணிவுடன் அமர்ந்து குறிப்பெடுத்தேன். இரண்டாம் நாள் அவர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி, அதன் கடைசி உறுப்பைச் சுட்டிக்காட்டி ஒரு வாக்கியம் சொன்னார். “இவ்வுறுப்பைப் புறக்கணிக்கலாம்” என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்றிரவு விடுதியில் அமர்ந்து கணக்கைத் தொடர்ந்தேன். விடை வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். இரண்டு மணி நேரம் போயிற்று. மறுநாள் நண்பன் ஒருவனின் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. பேராசிரியர் சொன்னது “புறக்கணிக்க முடியாது” என்பது! ஆங்கிலத்தில் ‘கேன்’ என்றால் முடியும்; ‘கேன்ட்’ என்றால் முடியாது. இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு கடைசியில் வரும் ஒரு ‘ட்’ தான். அந்த ‘ட்’ என் காதில் விழவில்லை.

என் காது மந்தம் என்றுதான் அன்று எண்ணினேன். அடுத்த நாள் பின்வரிசைக்குப் போய்விட்டேன். அவரிடம் கேட்க வைத்திருந்த ஐயங்களையும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒலியியல் நூல்களைப் படிக்க நேர்ந்தபோதுதான் தெரிந்தது: கேட்கத்தக்க ‘ட்’ எதுவும் அவர் வாயிலிருந்து வெளிவந்திருக்க வேண்டியதே இல்லை. அது என் காதின் குறை அன்று. எனக்கு ஆங்கிலம் கற்பித்த புத்தகங்களின் குறை. அந்தக் குறையைத்தான் இங்கு ஆராய விரும்புகிறேன். ஏனெனில் என் மாணவர்கள் இன்றும் அதே பள்ளத்தில் விழுகிறார்கள். விழுந்ததும், என்னைப்போலவே, தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள்.

கையேடுகள் கற்பிப்பது என்ன?

தமிழ் வழியில் பயின்றோர்க்கென எழுதப்பட்ட ஆங்கிலப் பேச்சுக் கையேடுகளைப் பேருந்து நிலையக் கடைகளிலும் புத்தகக் கண்காட்சிகளிலும் கண்டபோதெல்லாம் வாங்கிச் சேர்த்து வருகிறேன். இப்போது என் மேசைமீது ஏழு இருக்கின்றன. அவற்றின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. குறை ஏதோ ஒரு நூலுக்கு மட்டும் உரியது அன்று, ஏழுக்கும் பொதுவானது.

அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் தமிழ்ப் பொருள், வலப்பக்கம் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. சொற்கள் யாவும் நூல் அறுந்து உதிர்ந்த மணிகளைப்போலத் தனித்தனியே கிடக்கின்றன. வாக்கியம் வரும்போதும் அதே மணிகளை வரிசையாக அடுக்கிவைத்து, அதுவே பேச்சு என்கிறார்கள். ‘நெக்ஸ்ட்’ என்று ஒரு சொல். ‘டே’ என்று இன்னொரு சொல். ஆகவே ‘மறுநாள்’ என்பதற்கு ‘நெக்ஸ்ட் டே’. எந்த ஆங்கிலேயரும் இயல்பாகப் பேசும்போது அப்படிச் சொல்வதில்லை. அவர் சொல்வது ‘நெக்ஸ்டே’. எழுத்தில் இருக்கும் இரண்டு வல்லொலிகளில் ஒன்றுதான் காதுக்குக் கிடைக்கும்.

இந்தக் கையேடுகள்மீது நான் வைக்கும் குற்றச்சாட்டுகள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் குற்றச்சாட்டு: செத்த ஒலிக்கு மரியாதை, சாகும் ஒலிக்கு மறைப்பு

ஏழு நூல்களிலும் ‘ஊமை எழுத்துகள்’ என்று ஒரு பட்டியல் உண்டு. எழுதுவோம், ஆனால் உச்சரிக்க மாட்டோம் என்று சில சொற்களைத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். கோட்டையைக் குறிக்கும் சொல் ‘காஸில்’. அதில் ‘ட்’ ஊமை. அழகன் என்று பொருள்படும் சொல் ‘ஹேன்ஸம்’. அதில் ‘ட்’ ஊமை. புதன்கிழமை ‘வென்ஸ்டே’. அலமாரி ‘கபட்’, அதில் ‘ப்’ ஊமை. மாணவன் ஏன் என்று கேட்டால், “ஆங்கிலம் அப்படித்தான், தம்பி” என்பதே விடை.

உண்மையில் இவை ஊமையாகப் பிறந்த எழுத்துகள் அல்ல. ஒரு காலத்தில் வாய்விட்டுப் பேசியவை. ‘ஸாஃப்ட்’ என்றால் மென்மையான; அதிலிருந்து பிறந்த வினை, மென்மையாக்கு என்னும் பொருளில், ‘ஸாஃபன்’. ‘ஃபாஸ்ட்’ என்றால் இறுக்கமான என்றும் பொருள் உண்டு. அதிலிருந்து பிறந்தது ‘ஃபாஸன்’, இறுகக் கட்டு. ‘மாய்ஸ்ட்’ என்றால் ஈரமான. ‘மாய்ஸன்’ என்றால் ஈரமாக்கு. மூன்றிலும் தாய்ச் சொல்லில் ‘ட்’ ஒலிக்கிறது; சேய்ச் சொல்லில் ஒலிக்கவில்லை; எழுத்தில் மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஏன்? அங்கே ‘ட்’ இரு மெய்களின் நடுவே நெருக்குண்டது. சில நூற்றாண்டுகளுக்கு முன்பே பேச்சிலிருந்து நழுவியது. ஏசுநாதர் பிறந்த திருநாளைத் தமிழில் நாம் ‘கிறிஸ்துமஸ்’ என்கிறோம். ஆங்கிலேயர் ‘க்ரிஸ்மஸ்’ என்கிறார்கள். அவர்கள் விழுங்கிவிட்ட ஒலியை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்!

‘நெக்ஸ்டே’ என்பதில் நடப்பதும் இதுவே. இங்கும் ‘ட்’ மெய்களின் நடுவே நெருக்குண்டு நழுவுகிறது. வேறுபாடு ஒன்றுதான்: முன்னது ஒரே சொல்லுக்குள் நடந்து முடிந்த நிகழ்ச்சி, பின்னது இரு சொற்களின் சந்தியில் இன்று நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சி. முடிந்துபோனதை இலக்கணம் என்று மனப்பாடம் செய்யச் சொல்லும் நூல், நடப்பதைப்பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று ஒரே பக்கத்தில் சொல்லியிருந்தால், மனப்பாடமும் குறைந்திருக்கும், காதும் திறந்திருக்கும்.

இரண்டாம் குற்றச்சாட்டு: ‘சோம்பல்’ என்னும் பொய்க் காரணம்

இரண்டு நூல்கள் மட்டும் இதைத் தொட்டுச் செல்கின்றன. ஆனால் எப்படி? “வேகமாகப் பேசுவோர் சோம்பலால் எழுத்துகளை விழுங்குவர்; அது கொச்சை; நாம் பின்பற்றலாகாது” என்னும் கருத்தில். இதை ஓர் இயற்பியல் ஆசிரியனால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. காரணம் கூற வேண்டிய இடத்தில் பழி கூறுவது விஞ்ஞானம் ஆகாது.

வாயினுள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘ட்’ என்னும் ஆங்கில ஒலி உண்டாக, நாநுனி எழுந்து மேற்பற்களுக்குப் பின்னுள்ள மேட்டில் ஒட்டிக் காற்றை அடைக்க வேண்டும். பின்னால் அழுத்தம் கூட வேண்டும். பிறகு நா விலகக் காற்று வெடித்து வெளியேற வேண்டும். அந்த வெடிப்பு சில நூறில் ஒரு பங்கு வினாடியே நீடிக்கும். இயல்பான பேச்சில் வினாடிக்கு 10 முதல் 15 ஒலிகள் வெளிவருகின்றன. ஆக, ஓர் ஒலிக்குச் சராசரியாகக் கிடைக்கும் காலம் வினாடியில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவு. நாவும் உதடும் நிறையுள்ள தசைகள். நிலைமம் அவற்றுக்கும் உண்டு. ‘நெக்ஸ்ட் டே’ என்பதில் நாநுனி ஒட்டிய இடத்திலேயே அடுத்த ஒலிக்கும் மறுபடி ஒட்ட வேண்டும். விலகி மீண்டும் ஒட்டுவதற்குப் பதில், ஒரே ஒட்டலில் இரண்டு வேலையும் முடிகிறது. ஒரே வழியில் இரண்டு வேலை முடித்து வருபவரை நாம் சோம்பேறி என்பதில்லையே!

நம் பாடத்திலிருந்தே இன்னோர் எடுத்துக்காட்டு: ‘மாறாத அழுத்தம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘கான்ஸ்டன்ட் ப்ரெஷர்’. இயல்பாகச் சொல்லும்போது இது ‘கான்ஸ்டம் ப்ரெஷர்’ ஆகிவிடுகிறது. ‘ப்’ ஒலிக்காக உதடுகள் முன்கூட்டியே மூடிக்கொள்கின்றன. மூடிய உதட்டுக்குப் பின்னால் நாநுனி ‘ட்’ என்று வெடித்தாலும் அது வெளியே கேட்குமா? சாத்திய கதவுக்குப் பின்னால் கைதட்டினாற்போலத்தான். ‘ன்’ ஒலியும், வரப்போகும் உதட்டொலிக்கு இணங்கி ‘ம்’ ஆகிவிடுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கேத்தரின் பிரௌமன், லூயி கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் 1980-களின் பிற்பகுதியில் இதை ஆராய்ந்தனர். பேசுபவரின் நாவிலும் உதட்டிலும் சின்னஞ்சிறு உலோகத் துணுக்குகளை ஒட்டி, மெல்லிய எக்ஸ் கதிர்க் கற்றையால் அவற்றின் அசைவைத் தொடர்ந்து பதிவு செய்த படங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பேசப்பட்ட சொற்கள் ‘பர்ஃபெக்ட் மெமரி’ — பிழையற்ற நினைவாற்றல். சொற்களுக்கிடையே நிறுத்திச் சொன்னபோது ‘ட்’ தெளிவாகக் கேட்டது. தொடர்ந்து சொன்னபோது கேட்கவில்லை. காதை மட்டும் நம்புபவர் “ட் மறைந்தது” என்றே எழுதியிருப்பார். ஆனால் படத்தில் என்ன தெரிந்தது? நாநுனி முன்போலவே எழுந்து ‘ட்’டுக்குரிய இடத்தைத் தொட்டது! அதற்குள் ‘ம்’ ஒலிக்காக உதடுகள் மூடிவிட்டதால் ஓசை மட்டும் வெளியே வரவில்லை.

வாசகர்கள் இதைத் தங்கள் வாயிலேயே சோதித்துப் பார்க்கலாம். அவ்விரு சொற்களையும் நிறுத்தாமல் விரைந்து பலமுறை சொல்லுங்கள். உங்கள் நாநுனியைக் கவனியுங்கள்.

எல்லா இடத்திலும் இப்படியே நடக்கிறது என்று கொள்ளலாகாது. சிலவேளை நாவின் அசைவு சிறுத்துப் போகிறது. சிலவேளை அடியோடு இல்லாமலும் போகிறது. ஆனால் ‘சோம்பல்’ என்ற ஒரே சொல்லால் இவை அனைத்தையும் மூடிவிட முடியாது என்பது தெளிவு.

சோம்பல் என்றால் அதற்கு ஒழுங்கு இருக்காது. இங்கோ ஒழுங்கு இருக்கிறது. ‘ஆய்வுக்கூடம்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தின்படி ‘லெ-பா-ர-டொ-ரி’ என ஐந்து அசைகள். ஆங்கிலேயர் இரண்டாம் அசையில் அழுத்தம் தருவர். ஆதலால் நான்காம் அசையின் உயிர் மெலிந்து விழ, ‘லபாரட்ரி’ என்கிறார்கள். அமெரிக்கர் முதலசையில் அழுத்தம் தருவர். ஆதலால் இரண்டாம் அசையின் உயிர் விழ, ‘லேப்ரடோரி’ என்கிறார்கள். இருவரும் ஐந்தை நான்காக்கினார்கள். ஆனால் இருவரும் விழுங்கியது வெவ்வேறு உயிரை! எது விழும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. பேசுபவரின் சோம்பல் அன்று.

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. ஒலியில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் உள்ள இரு சொற்கள் ஆங்கிலத்தில் உண்டு, இரண்டும் ‘பாஸ்ட்’. ஒன்றுக்குக் ‘கடந்த காலம்’ என்று பொருள். இன்னொன்றுக்குக் ‘கடந்து சென்றான்’ என்று பொருள். முதற்சொல்லில் ‘ட்’ சொல்லின் ஓர் உறுப்பு, அவ்வளவே. இரண்டாவதில் அதுவே இறந்தகாலம் காட்டும் இடைநிலை போன்றது. அதை விழுங்கினால் காலமே மாறிவிடும். வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலறிஞர் 1960-களில் நியூயார்க் நகரப் பேச்சை ஒலிப்பதிவு செய்து எண்ணிப் பார்த்தார். காலங்காட்டும் ‘ட்’ குறைவாகவும், மற்ற ‘ட்’ அதிகமாகவும் விழுவதைக் கண்டார். பிறகு வேறு பல ஊர்களில் ஆராய்ந்தவர்களும் இதையே கண்டனர். பேசுவோர் அறியாமலே, பொருளைச் சுமக்கும் ஒலியைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள். இதையா சோம்பல் என்பது?

சில நூல்கள் வேறொரு காரணம் சொல்கின்றன: “ஆங்கிலத்தில் அழுத்தங்கள் மணிப்பொறியைப்போலச் சம இடைவெளியில் விழும், அந்த இடைவெளிக்குள் மற்ற அசைகளைத் திணிக்க வேண்டியிருப்பதால் ஒலிகள் நசுங்குகின்றன.” கேட்க அழகான விளக்கம், கல்லூரிப் பாடங்களிலும் இடம்பெற்றது. 1967-இல் டேவிட் அபர்குரோம்பி என்பவர் ஆங்கிலம், ரஷ்யம், அரபு ஆகியவற்றை இவ்வகையிலும், பிரெஞ்சு, யொரூபா, நம் அண்டை மொழியான தெலுங்கு ஆகியவற்றை அசைகள் சம காலம் பெறும் வகையிலும் சேர்த்தார். 1982-இல் பீட்டர் ரோச் என்பவர் அதே ஆறு மொழிகளையும் ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். சம இடைவெளி எதுவும் தென்படவில்லை. அழுத்தம் பெறாத அசை ஆங்கிலத்தில் மிகவும் சுருங்குகிறது என்பது உண்மை; மணிப்பொறி என்பது உவமை மட்டுமே. அளந்து பார்க்காத உவமையை விதியென்று மாணவர் தலையில் ஏற்றக் கூடாது.

‘கொச்சை’ என்ற பழிக்கும் ஒரு சொல். பெர்னார்டு ஷாவின் ‘பிக்மாலியன்’ நாடகம் 1914-இல் லண்டனில் நடிக்கப்பட்டது. அதில் வரும் பூக்காரப் பெண், வீட்டைக் குறிக்கும் ‘ஹௌஸ்’ போன்ற சொற்களில் ‘ஹ்’ ஒலியை விடுபவள், அதற்காக இகழப்படுபவள். ஆனால் அவளுக்குப் பேச்சுக் கற்பிக்கும் பேராசிரியரைப் போன்ற கனவான்களும் ‘டெல் ஹிம்’ என்பதை ‘டெல்லிம்’ என்றுதான் சொல்வார்கள். அதை எவரும் கவனிப்பதில்லை. ஏழை விடும் ஒலிக்குப் பெயர் கொச்சை. கனவான் விடும் ஒலிக்குப் பெயரே இல்லை. நம் கையேடுகள் இந்த ஏற்றத்தாழ்வையும் கேள்வியின்றி இறக்குமதி செய்திருக்கின்றன.

மூன்றாம் குற்றச்சாட்டு: வாய்க்குப் பயிற்சி, காதுக்குப் பட்டினி

இதுவே முதன்மையான குற்றச்சாட்டு. ஏழு நூல்களும் பேசக் கற்றுத்தருகின்றன. கேட்கக் கற்றுத்தரும் நூல் ஒன்றுமில்லை.

ஒலிகள் இவ்வளவு விழுந்தும் ஆங்கிலேயர் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? விடை காதிலன்று, மூளையில் இருக்கிறது. 1970-இல் ரிச்சர்டு வாரன் என்ற அமெரிக்க உளவியலறிஞர் ஒரு சோதனை செய்தார். பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ‘லெஜிஸ்லேச்சர்’ — அதாவது சட்டமன்றம் — என்ற சொல் வந்தது. அதில் ஒரு ‘ஸ்’ ஒலியை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். 20 பேரைக் கேட்கச் செய்தார். 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். எஞ்சிய ஒருவரும் விடுபட்ட ஒலியைத் தவறாகவே சொன்னார். இல்லாத ஒலியை அவர்கள் உண்மையிலேயே கேட்டார்கள்! இருமலுக்குப் பதில் வெறும் மௌனத்தை வைத்தபோது மட்டும் இடைவெளியைக் கண்டுகொண்டார்கள்.

பழைய கம்பித் தொலைபேசியும் இதற்குச் சான்று. அது 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களையே கடத்தியது. ‘ஸ்’ ஒலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. ஆகவே மறுமுனையில் இருந்தவருக்குச் சரியான ‘ஸ்’ ஒருபோதும் போய்ச் சேர்ந்ததில்லை. ஆயினும் உலகம் முழுவதும் பல தலைமுறைகள் தொலைபேசியில் பேசி, வாணிகமும் உறவும் வளர்த்தன.

ஆனால் மூளை எதைக் கொண்டு நிரப்புகிறது? தான் முன்பே அறிந்த மொழியைக் கொண்டு. முன்னும் பின்னும் வரும் சொற்களைக் கொண்டு. 1960-களில் இர்வின் பொல்லாக், ஜே. எம். பிக்கெட் ஆகிய இருவர் இயல்பான உரையாடலிலிருந்து தனிச் சொற்களை வெட்டியெடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடமே போட்டுக்காட்டினர். ஏறக்குறையப் பாதிச் சொற்கள் அவர்களுக்கே விளங்கவில்லை! அதே ஒலிகளைச் சுற்றியுள்ள சொற்களோடு சேர்த்துக் கேட்டபோது தெளிவாக விளங்கின. ஆங்கிலேயருக்கே இந்த நிலை என்றால், தனிச்சொற்களை மட்டுமே கற்ற நம் மாணவனின் நிலை என்ன? அவனிடம் நிரப்புவதற்குச் சரக்கு இல்லை. அதைத் தரவேண்டிய நூல் தரவில்லை.

இப்படி விழும் ஒலிகள் அரிதானவை என்றும் எண்ண வேண்டா. 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 40 பேருடைய சாதாரண உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ 3 லட்சம் சொற்கள் சேர்ந்தன. கீத் ஜான்சன் என்பவர் அவற்றை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார். நூற்றுக்கு ஏறத்தாழ 6 சொற்களில் ஓர் அசையேனும் முழுமையாக மறைந்திருந்தது. ஓர் ஒலி மட்டும் மறைந்த சொற்கள் இன்னும் மிகுதி. நிதானமாக நேர்காணலில் பேசியவர்களின் கணக்கு இது.

நமக்கு இது புதிதா?

தமிழ் மட்டும் கற்ற ஒரு வெளிநாட்டவர் நம் பேருந்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் புத்தகத்தில் படித்தது, “எங்கே போக வேண்டும்?” நடத்துனர் கேட்பது, “எங்க போணும்?” நான்கு அசை இரண்டாகிவிட்டது. நடத்துனர் சோம்பேறியா? அவருடைய தமிழ் பிழையா? இரண்டும் இல்லை என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த வெளிநாட்டவர் திகைத்து நிற்பார்.

நம் இலக்கணிகள் இவ்வகையில் விழிப்பாக இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். ‘நாடு’, ‘காசு’ போன்ற சொற்களின் இறுதியில் உகரம் தன் முழு அளவில் ஒலிப்பதில்லை என்பதைத் தொல்காப்பியர் கண்டார். அதைக் கொச்சை என்று ஒதுக்கவில்லை. குற்றியலுகரம் என்று பெயரிட்டு, அரை மாத்திரை என்று காலஅளவும் குறித்தார். வேறோர் உயிர் வந்து சேரும்போது அது இல்லாமலே போவதையும் விதியாகச் சொல்லிவைத்தார்கள். குறுகும் ஒலியை அளந்து விதியாக்கிய மரபில் வந்த நாம், ஆங்கிலத்துக்குக் கையேடு எழுதும்போது மட்டும் அளவுகோலைக் கீழே வைத்துவிடுவானேன்?

யாரைக் குறை சொல்வது?

நியாயமாகப் பேசினால், இக்கையேடுகளின் மூலநூல்களைக் குறை கூற முடியாது. ஆங்கில உச்சரிப்பு அகராதிகளில் புகழ்பெற்றது டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்டது. ஜோன்ஸ் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துப் பின் ஒலியியலுக்கு வந்தவர். நாவின்மேல் மெல்லிய ஈயச் சங்கிலியை வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, உயிரொலிகளின் நா நிலையை அதே 1917-இல் காட்டியவரும் அவரே. அவருடைய அகராதி தென் இங்கிலாந்தில் பெரிய உறைவிடப் பள்ளிகளில் பயின்றோரின் பேச்சை மட்டுமே எடுத்துக்கொண்டது. அது அதன் எல்லை. ஆனால் அந்த எல்லைக்குள் அவர் நேர்மையானவர். ‘கேன்’, ‘ஹிம்’ போன்ற சொற்களுக்குக் கனத்த வடிவம், மெலிந்த வடிவம் என இரண்டையும் தந்தார். அவருக்குப்பின் வந்த கிம்சன் 1962-இல் எழுதிய நூலில் தொடர்பேச்சில் ஒலிகள் விழும் முறையை விரிவாகவே விளக்கினார்.

நம் கையேடுகள் இவர்களிடமிருந்து கனத்த வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மெலிந்த வடிவத்தை விட்டுவிட்டன. தமிழ் எழுத்தில் அதைக் காட்டுவது கடினம் என்பது உண்மைதான். இக்கட்டுரையிலேயே நான் அந்த இடர்ப்பாட்டை உணர்கிறேன். ஆனால் கடினம் என்பதற்காகப் பாதி உண்மையை முழு உண்மைபோல் அச்சிடுவது முறையன்று.

இப்போது என் குறிப்பேட்டுக்குத் திரும்புகிறேன். பேராசிரியர் சொன்ன ‘கேன்ட் பி’ என்பதில் ‘ட்’ நெருக்குண்டு விழ, அடுத்த உதட்டொலிக்காக ‘ன்’ திரிந்து, என் காதுக்கு வந்தது ‘கேம்பி’. நான் ‘ட்’டைத் தேடினேன், இல்லை, ஆகவே ‘முடியும்’ என்று எழுதினேன். ஆனால் அவர் ‘முடியும்’ என்று சொல்லியிருந்தால் அது ‘கேம்பி’ என்று வந்திருக்காது. உயிர் மெலிந்து ‘க்ம்பி’ என்றே வந்திருக்கும். அமெரிக்கர் காதுக்கு வேறுபாடு ‘ட்’டில் இல்லை, உயிரின் கனத்தில் இருக்கிறது. நான் தவறான இடத்தில் தேடினேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம்மவர் “என்னால் முடியும்” என்று சொல்லும்போது கையேட்டின்படி ‘கேன்’ என்று கனமாக உச்சரிக்கிறார்கள். கேட்கும் அமெரிக்கருக்கு அது ‘முடியாது’ என்று படுகிறது! வேலைக்கான நேர்காணலில், மருத்துவமனையில், விமானத் தளத்தில் இதனால் என்னென்ன விளையும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எனவே மாணவ நண்பர்களுக்கு நான் சொல்வது இது. பேசும்போது ஒலிகளை வலிந்து விழுங்க முயல வேண்டா. தெளிவாகப் பேசுவதில் தவறில்லை. ஆனால் ‘முடியும்’ என்னும்போது ‘கேன்’ என்பதை லேசாக விட்டு, அடுத்து வரும் வினையில் அழுத்தம் கொடுங்கள். ‘முடியாது’ என்னும்போது ஐயத்துக்கு இடமின்றி ‘கேனாட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். கேட்கும்போதோ, எல்லா எழுத்தும் வந்து சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வானொலி உரையாடல் ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து, இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, ஒவ்வொரு சொல்லாக எழுதிப் பாருங்கள். விளங்காத இடத்தில் வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். எந்த ஒலி, எந்த இரண்டின் நடுவே விழுந்தது என்று பட்டியலிடுங்கள். உங்களிடமே ஒரு விதி உருவாகும். அதுதான் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் வேலை.

கையேடு எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பில் ஊமை எழுத்துப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். ‘இன்று விழும் ஒலிகள்’ என்று ஒரு பட்டியல் சேருங்கள். அதிகம் வழங்கும் நாற்பது, ஐம்பது சிறு சொற்களுக்கு மெலிந்த வடிவத்தையும் கொடுங்கள். சோம்பல், கொச்சை என்ற சொற்களை நீக்கிவிடுங்கள்.

சென்ற மாதம் என் வகுப்பு மாணவி ஒருத்தி, வெளிநாட்டு விரிவுரை ஒன்றின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு வந்து, “சார், எனக்கு இங்கிலீஷ் வராது போலிருக்கிறது, பாதி வார்த்தை காதிலேயே விழவில்லை” என்றாள். “அம்மா, அந்தப் பாதி அவர் வாயிலிருந்தே வரவில்லை” என்றேன். அவள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியைப் பார்த்தபோது, முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போன பழைய மாணவன் ஒருவன் என் நினைவுக்கு வந்தான். இந்த ஒரு வாக்கியத்தை யாராவது ஒரு புத்தகத்தில் அன்றே அச்சிட்டிருந்தால், அவன் முன்வரிசையிலேயே இருந்திருப்பான். தன் ஐயங்களையும் கேட்டிருப்பான்.